பிள்ளையின் இலட்சியம் எங்கே முளைக்கிறது?



உயர்தரப் பரீட்சைப் பெறுபேறுகள் வெளியாகிச் சில நாட்களின் பின் ஒரு தகப்பனார் தம் மகனையும் கூட்டிக்கொண்டு அறைவீட்டுக்கு வந்தார். இருவர் முகத்திலும் களை இல்லை.

“சுவாமி, இவனுக்கு நீங்கள்தான் புத்தி சொல்லவேணும். இரண்டு தரம் விஞ்ஞானப் பிரிவில எடுத்தான். வெட்டுப்புள்ளிக்குக் கிட்டவும் போகேல்லை. இப்ப மூன்றாம் தரம் கலைப்பிரிவில எடுத்து, தமிழ் படிச்சு, வாத்தியாராப் போறானாம். எங்கட குடும்பத்தில ஆர் இவனுக்கு உந்த எண்ணத்தைக் குடுத்தது?”

மகன் தலை குனிந்தபடி நின்றான். “தம்பி, இந்த ஆசை எப்ப வந்தது?” என்று கேட்டேன்.

“அம்மம்மாவுக்குக் கண் தெரியாமற் போன நாளிலயிருந்து செபமாலை முடிய நான்தான் அவவுக்கு வேதாகமம் வாசிக்கிறனான், சுவாமி. விளங்காத சொல்லுக்குக் கருத்துக் கேப்பா. தேடிப் பாத்துச் சொல்லுவன். அப்பிடியே பிடிச்சுப் போச்சு.”

“அம்மம்மாவுக்கு வாசிக்கும்படி உமக்கு ஆர் சொன்னது?”

“அப்பாதான்.”

தகப்பனார் பேசவில்லை. அன்றைக்கே அவர் சம்மதித்துப் போனார் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அவர் கேட்ட கேள்விக்கு மறுமொழி அவருடைய வீட்டிலேயே இருந்தது என்பது எங்கள் இருவருக்கும் விளங்கிற்று.

இந்த நிகழ்ச்சியை முன்வைத்து ஓர் உண்மையைச் சிந்திப்போம். பிள்ளையின் கல்வி இலட்சியம் பெற்றோர் வாயால் விதிப்பதிலிருந்து பிறப்பதைவிட, வீடு எதை நாளாந்தம் மதித்து வாழ்கின்றதோ அதிலிருந்தே பெரும்பாலும் பிறக்கின்றது.

நாசரேத்து வீடு

பன்னிரண்டு வயதில் ஆலயத்திலே போதகர்கள் நடுவே இருந்து, கேட்டும் வினவியும் நின்ற இயேசுவை நாம் அறிவோம். மூன்று நாள் தேடி அலைந்த தாயும் தந்தையும் அவர் சொன்ன மறுமொழியை விளங்கிக்கொள்ளவில்லை. ஆயினும் அவர் அவர்களோடு நாசரேத்துக்குத் திரும்பி, அவர்களுக்குக் கீழ்ப்படிந்து, ஞானத்திலும் வயதிலும் வளர்ந்தார் என்கிறார் லூக்கா (2: 46–52). மரியன்னையோ விளங்காதவற்றைத் தம் உள்ளத்தில் வைத்துக் காத்தார். பிள்ளையின் நாட்டம் விளங்காதபோது பெற்றோர் செய்யக்கூடிய முதற் காரியம் இதுவே: கோபிக்குமுன் உள்ளத்தில் வைத்துப் பார்ப்பது.

பெற்றோரே பிள்ளைகளின் முதன்மையான ஆசிரியர்கள் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் கிறிஸ்தவக் கல்வி பற்றிய தன் அறிக்கையில் கற்பித்தது. நல்ல பாடசாலையும் ரியூசனும் தேடிக் கொடுத்ததோடு அந்தக் கடமை முடிந்துவிடுவதில்லை.

எமது மண்ணின் ஓர் எடுத்துக்காட்டு

1875ஆம் ஆண்டு மானிப்பாயில் ஒரு சைவக் குடும்பத்திலே வைத்தியலிங்கம் என்னும் குழந்தை பிறந்தது. ஐந்து வயதில் தந்தையை இழந்தது. தாயார் தங்கமுத்து அம்மையார் பின்னர் அச்சுவேலியைச் சேர்ந்த கத்தோலிக்கரான தம்பிமுத்துப்பிள்ளையை மணந்தார். தாயும் மகனும் திருமறையைத் தழுவினர். அர்ச். ஞானப்பிரகாசியாரின் பெயரே மகனுக்கும் வழங்கலாயிற்று.

அந்தத் தம்பிமுத்துப்பிள்ளை அச்சுக்கூடம் நடத்தியவர். ‘சன்மார்க்க போதினி’ என்ற பத்திரிகையை வெளியிட்டவர். அதாவது, சிறுவன் வளர்ந்த வீட்டிலே எழுத்தும் விசுவாசமும் அன்றாடத் தொழிலாய் இருந்தன.

புனித பத்திரிசியார் கல்லூரியில் கற்ற அவ்விளைஞர், 1893இல் புகையிரதப் பகுதி எழுதுவினைஞர் தேர்வில் முதலாவதாகச் சித்தியெய்தி வேலையும் பெற்றார். அரசாங்க உத்தியோகம்! அக்காலத்து யாழ்ப்பாணத்தில் அதற்குமேல் ஒரு குடும்பம் ஆசைப்பட என்ன இருந்தது? ஆனால் 1895இல் அதை விட்டுக் குருமடம் புகுந்தார், 1901இல் குருவானார். அவரே நாம் இன்று போற்றும் நல்லூர் சுவாமி ஞானப்பிரகாசர், அ.ம.தி.

மறைப்பணியின் நடுவே அவர் பன்மொழி கற்றார், எமது வரலாற்றை ஆராய்ந்தார். ‘யாழ்ப்பாண வைபவ விமர்சனம்’ 1928இல் வெளிவந்தது. தமிழ்ச் சொற்களின் வேர்களைத் தேடிப் பிறமொழிகளோடு ஒப்பிடும் அகராதியை 1938 முதல் பகுதி பகுதியாக வெளியிடத் தொடங்கியபோது அவர் அறுபது வயதைத் தாண்டிவிட்டார். 1947இல் அவர் இறக்கையில் அந்த அகராதி முற்றுப்பெறவில்லை.

நாம் கற்கவேண்டியவை

முதலாவது, குடும்பத்தின் விழுமியம் வேறு, குடும்பத்தின் கௌரவம் வேறு. விழுமியம் பிள்ளையை உள்ளிருந்து தூண்டும். கௌரவம் வெளியிலிருந்து தள்ளும். தள்ளப்படும் பிள்ளை, பெறுபேறு பிழைத்த அன்றே தன்னையே பிழையாகக் கருதிவிடுகிறான். இந்த ஆபத்தை இலேசாக எண்ணாதீர்கள். புள்ளி குறைந்த பிள்ளைக்கு வீட்டுக் கதவும் மேசையும் முன்போலவே திறந்திருக்கின்றன என்பதை அன்றே வாயால் சொல்லுங்கள்.

இரண்டாவது, இளைஞர்களுக்கு. உங்கள் விருப்பத்தைப் பெற்றோர் மதிக்கவேண்டும் என்று கேட்கிறீர்கள், நியாயமே. ஆனால் கடினமான பாடத்திலிருந்து தப்பியோடுவதை இலட்சியம் என்று அழைக்கக் கூடாது. அறைவீட்டுக்கு வந்த அந்தத் தம்பிக்கும் நான் இதையே சொன்னேன்: “கலைப்பிரிவு இலேசு என்று போகிறீரானால் போகவேண்டாம். சொல்லைத் தேடுவதில் உமக்குக் களைப்பு வராதென்றால் போம்.”

மூன்றாவது, கல்வி ஒருவருக்குப் பயன்படவேண்டும். தாலந்தை நிலத்திற் புதைத்தவனைத் தலைவன் கடிந்துகொண்டான். சான்றிதழைச் சுவரில் மாட்டிவிட்டு அயலவனை மறப்பவனும் புதைத்தவனே. முற்றுப்பெறாத அகராதி தமிழுக்குப் பயன்படுகின்றது.

இவ்வாரம் வீட்டில் பேசுவதற்கு

செபமாலை முடிந்தபின் கால் மணி நேரம் கூடியிருந்து இவற்றைப் பேசுங்கள்.

1. எங்கள் வீட்டில் பிள்ளைகள் நாளாந்தம் காண்பது என்ன? வாசிப்பையா, தொலைக்காட்சியையா, கைத்தொலைபேசியையா?

2. பிள்ளை என்ன படிக்க விரும்புகிறது, ஏன் விரும்புகிறது என்று நாம் எப்போதாவது இடைமறிக்காமல் கேட்டிருக்கிறோமா?

3. பிள்ளைகளே, உங்கள் விருப்பம் எந்த வீட்டுப் பழக்கத்திலிருந்து, யாருடைய முன்மாதிரியிலிருந்து வந்தது? அதை அவருக்குச் சொல்லி நன்றி கூறினீர்களா?

நாசரேத்தின் திருக்குடும்பம் எங்கள் குடும்பங்களுக்குப் பொறுமையையும் தெளிவையும் பெற்றுத் தருவதாக.