படகு எஞ்சினின் நீர்ப் பம்பு: சில பராமரிப்புக் குறிப்புகள்

அந்தமானில் வாழும் நம்மவர் பலருக்குப் படகே பிழைப்பு. மீன்பிடிக்கும் டுங்கியானாலும் பயணிகளை ஏற்றும் படகானாலும், நடுக்கடலில் எஞ்சின் நின்றுவிட்டால் காற்றும் நீரோட்டமும் இழுத்த பக்கம்தான் போக வேண்டும். கிழக்கே மியான்மர், தாய்லாந்து. மேற்கே சென்னை ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால். எஞ்சின் நிற்பதற்கு முக்கியக் காரணங்களுள் ஒன்று அதிகச் சூடு. டீசலை அளந்து ஊற்றும் நாம், எஞ்சினைக் குளிர்விக்கும் நீரைக் கவனிப்பதில்லை. இந்த எஞ்சின்களோடு பல ஆண்டுகள் பழகியவன் என்ற முறையில் சில எளிய பாடங்களைத் தருகிறேன்.

சிறிய எஞ்சின்கள் பலவற்றில் கடல்நீரே நேராக உள்ளே சுற்றி வெளியேறும். பெரியவற்றில் பெரும்பாலும் நன்னீர் உள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். வேறொரு பம்பு இழுத்து வரும் கடல்நீர், அந்த நன்னீரின் சூட்டை வாங்கிக்கொண்டு வெளியேறும்.

கடல்நீர்ப் பம்பு

இதில் சுழல்வது பெரும்பாலும் ரப்பர் இறக்கைகள் கொண்ட இம்பெல்லர். ஓடும் நீரே அதற்கு வழுவழுப்பைத் தருகிறது. நீரின்றி ஓடினால் சிறிது நேரத்திலேயே ரப்பர் கருகிவிடும்.

1. எஞ்சினைக் கிளப்புமுன் கடல்நீர் வால்வு திறந்திருக்கிறதா, வடிகட்டியில் பாசியோ பிளாஸ்டிக்கோ அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். கிளப்பியதும் வெளியேறும் நீரைப் பாருங்கள். வரவில்லையென்றால் உடனே நிறுத்துங்கள்.

2. புது இம்பெல்லரைப் பொருத்தும்போது கிளிசரின் அல்லது சோப்பு நீர் தடவுங்கள். எஞ்சின் ஆயிலும் சாதாரண கிரீஸும் ரப்பரை உப்பச் செய்து கெடுக்கும்.

3. இறக்கை உடைந்திருந்தால் அந்தத் துண்டைத் தேடி எடுங்கள். குழாயில் சிக்கிய துண்டு, புது இம்பெல்லர் போட்ட பின்னும் நீரை மறிக்கும்.

4. சில பழைய பம்புகளில் கிரீஸ் கப் இருக்கும். நீரில் கரையாத கிரீஸ் நிரப்பி, தினமும் சிறிது திருகிவிடுங்கள்.

5. பல பம்புகளின் அடியில் ஒரு சிறு கசிவுத் துளை உண்டு. அதில் நீர் சொட்டினால் நீர் சீல் தேய்ந்துவிட்டது. ஆயில் சொட்டினால் ஆயில் சீல் தேய்ந்துவிட்டது. சொட்டுகிறதே என்று எம்சீல் வைத்து அந்தத் துளையை அடைப்பவர்கள் இருக்கிறார்கள். அடைத்தால் கடல்நீர் ஆயிலுக்குள் புகுந்து, ஆயில் பாலைப் போல் வெளுத்து, எஞ்சினே பாழாகலாம். சில நூறு ரூபாய் சீலுக்காக முழு எஞ்சினை இழப்பதா?

நன்னீரும் கூலன்டும்

"நம் தீவில் பனியே இல்லையே, கூலன்ட் எதற்கு?" என்று என்னிடம் பலர் கேட்பதுண்டு. நீர் உறையாமல் காப்பது அதன் ஒரு வேலை மட்டுமே. துருவைத் தடுப்பதும் கொதிநிலையை உயர்த்துவதும் நமக்கும் தேவை. வெறும் கிணற்று நீரை ஊற்றினால் உப்புப் படிவும் துருவும் சேர்ந்து பம்பின் சீலைத் தேய்க்கும்.

கெட்டியான கூலன்டாக இருந்தால் டப்பாவில் சொன்ன அளவுப்படி, பெரும்பாலும் பாதிக்குப் பாதி, காய்ச்சி வடித்த நீருடன் கலக்கவும். கலந்தே விற்பதில் மேலும் நீர் சேர்க்க வேண்டாம். காய்ச்சி வடித்த நீர் பேட்டரிக் கடையில் கிடைக்கும். அங்கே ஆசிடும் விற்பதால் கேனைப் படித்துப் பார்த்து வாங்குங்கள். நிறம் ஒன்றாக இருக்கிறதென்று இருவகைக் கூலன்டுகளைக் கலக்காதீர்கள். சாதாரண வகையை இரண்டாண்டுக்கு ஒருமுறை மாற்றுவது வழக்கம். எஞ்சின் கையேடு வேறு சொன்னால் அதையே பின்பற்றுங்கள்.

சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்காதீர்கள். கொதிக்கும் எஞ்சினில் குளிர்ந்த நீரை ஊற்றினால் ஹெட் விரிசல் விடலாம். பழைய கூலன்ட் இனிக்கும், ஆனால் விஷம். குழந்தைகளுக்கும் நாய்களுக்கும் எட்டாமல் வையுங்கள், கடலில் கொட்டாதீர்கள்.

உதிரி பாகம் இங்கே கிடைக்காவிட்டால் சென்னையிலிருந்தோ கொல்கத்தாவிலிருந்தோ கப்பலில் வரவேண்டும். எனவே ஓர் இம்பெல்லரும் பம்பு மூடிக்கான கேஸ்கட்டும் எப்போதும் படகில் இருக்கட்டும். புதிதாகக் கடலுக்குப் போகும் தம்பிகளுக்கு இதைப் படித்துக் காட்டி, அந்தக் கசிவுத் துளை எங்கே இருக்கிறதென்று கையால் தொட்டுக் காட்டுங்கள்.