நல்ல அரிவாள் செய்வித்துக்கொள்வது எப்படி?

டிராக்டர் வாங்குவதற்கு முன் பத்துப் பேரிடம் விசாரிக்கும் விவசாயி, அரிவாள் வாங்கும்போது எவரையும் விசாரிப்பதில்லை. சந்தையில் கண்ணில் பட்டதை எடுத்து, கட்டைவிரலால் வாயைத் தடவிப் பார்த்து, பத்து ரூபாய் குறைத்துக் கேட்டு வாங்கி வந்துவிடுகிறார். டிராக்டர் ஆண்டில் சில நாட்களே வயலில் இறங்குகிறது. அரிவாளோ நாள்தோறும் கையில் இருக்கிறது. வேலி வெட்டவும், தழை கழிக்கவும், இளநீர் சீவவும், விறகு பிளக்கவும் அதுவே வேண்டியிருக்கிறது. அதனை வாங்குவதில் செய்யும் பிழை சிறு பிழைபோலத் தோன்றினும், வேலை நாட்களையும் சில சமயம் உடம்பையும் கெடுத்துவிடுகிறது.

பிறருக்குச் சொல்லுமுன் நமது பிழையைச் சொல்லிவிடுவது முறை. சில ஆண்டுகளுக்கு முன், நாம் பணியாற்றிய ஒன்றியத்தில் ஒரு கண்மாயை அடைத்துக்கொண்டிருந்த சீமைக் கருவேல மரங்களை வெட்டி அகற்றுவதற்காக நாற்பது வெட்டரிவாள்கள் வாங்க நேர்ந்தது. விலைப்புள்ளி கோரினோம். எத்தனை வேண்டும், என்ன விலை என்பவற்றைத் தவிர அதில் வேறொன்றும் எழுதவில்லை. குறைந்த விலை கேட்டவரிடம் வாங்கினோம். அரிவாள் ஒன்றுக்கு எண்பது ரூபாய் மிச்சம் என்று மகிழ்ச்சியும் அடைந்தோம். முதல் நாள் நண்பகலுக்குள் பாதி அரிவாள்களின் வாய் மடிந்துவிட்டது. மூன்றாம் நாள் ஓர் அரிவாளின் அலகு கைப்பிடியிலிருந்து கழன்று பறந்து, பக்கத்தில் முள்ளைத் திரட்டிக்கொண்டிருந்த ஓர் அம்மையாரின் கணுக்காலில் பட்டது. ஏழு தையல். இருபது நாட்கள் அவரால் வேலைக்கு வர இயலவில்லை. எண்பது ரூபாய் மிச்சம் பிடித்த கணக்கில் அந்த இருபது நாட்களை எங்கே எழுதுவது என்று நமக்கு அப்போது விளங்கவில்லை.

அந்த அரிவாள்களில் இரண்டை எடுத்துக்கொண்டு அதே ஒன்றியத்தில் உள்ள வயது முதிர்ந்த கொல்லர் ஒருவரிடம் சென்றோம். அவர் அரத்தை எடுத்து வாயின்மீது ஒரு முறை இழுத்தார். இரும்புத் தூள் மாவுபோல உதிர்ந்தது. "இதில் எஃகே இல்லை, ஐயா. பச்சிரும்புத் தகட்டை வெட்டிச் சாணை பிடித்திருக்கிறார்கள்" என்றார். பிறகு, "என்ன மரத்துக்கு, யார் கைக்கு என்று சொல்லித்தானே வாங்கினீர்கள்?" என்று கேட்டார். நாம் பதில் சொல்லவில்லை. சொல்வதற்கு ஒன்றும் இருக்கவில்லை.

அந்தக் கேள்வியே இப்பாடத்தின் தொடக்கம். பட்டறையில் சொல்லிச் செய்விக்கும் அரிவாளின் சிறப்பு, அது கையால் அடிக்கப்படுகிறது என்பதில் மட்டும் இல்லை. வேலை இன்னது, கை இன்னாருடையது என்று அறிந்து அடிக்கப்படுவதில் இருக்கிறது. அதைச் சொல்லாமல் வாங்குகிறவர் பட்டறையில் வாங்கினாலும் சந்தைச் சரக்கையே வாங்குகிறார்.

முதலில் இரும்பைப் பற்றிச் சிறிது அறிந்துகொள்ள வேண்டும். இரும்பில் கரி எவ்வளவு கலந்திருக்கிறது என்பதைப் பொறுத்தே அது கடினமாகும். கம்பி, சட்டம், கதவு முதலியவற்றுக்குப் பயன்படும் மெல்லிரும்பில் கரி நூற்றில் கால் பங்குக்கும் குறைவு. அதை எவ்வளவு காய்ச்சி நீரில் தோய்த்தாலும் கத்திக்கு வேண்டிய கடினம் வராது. லாரியின் ஸ்பிரிங் பட்டையில் கரி நூற்றுக்கு அரைப் பங்கு முதல் 0.6 பங்கு வரை உண்டு. நம் ஊர்ப் பட்டறைகளில் நல்ல அரிவாள்கள் பெரும்பாலும் பழைய லாரிப் பட்டையிலிருந்தே பிறக்கின்றன. அது தாழ்ந்த சரக்கு அன்று. வளைந்து நிமிர்வதற்கென்றே செய்யப்பட்ட எஃகு. ஆயினும் பல்லாண்டு பாரம் சுமந்த பட்டையில் மயிரிழை போன்ற விரிசல் மறைந்திருக்கக்கூடும். ஆதலின் துருவைத் தேய்த்துவிட்டுப் பட்டையை வெயிலில் பிடித்துப் பார்த்து, பிறகே கொல்லரிடம் கொடுக்க வேண்டும். தண்டவாள இரும்பு என்று பெருமையாகச் சொல்லி விற்பவரிடம் வாங்க வேண்டா. ரயில்வே சொத்தை முறையின்றி வைத்திருப்பது 1966-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமாகும்.

எஃகையும் பச்சிரும்பையும் பிரித்தறிய எளிய வழி உண்டு. சாணைச் சக்கரத்தில் வைத்தால் பச்சிரும்பின் பொறிகள் நீண்ட கோடுகளாக ஓடி அடங்கும். எஃகின் பொறிகள் சற்று தூரத்திலேயே மத்தாப்பைப்போலக் கிளைத்துச் சிதறும். ஒரு முறை இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தவருக்குப் பிறகு ஐயம் எழாது.

எஃகு நல்லதாக இருந்தால் மட்டும் போதாது. தோய்ச்சல் சரியாக இருக்க வேண்டும். துவைச்சல் என்றும் இதனை வழங்குவர். அடித்து உருவாக்கிய அலகை மீண்டும் செவ்வொளி வரும்வரை காய்ச்சித் திடீரெனக் குளிரச் செய்வதே தோய்ச்சல். எஃகு ஏறத்தாழ 770 டிகிரி வெப்பத்தில் காந்தத்தால் இழுக்கப்படும் தன்மையை இழக்கிறது. அலகு காந்தத்தில் ஒட்டாத நிலையை அடைந்து, அதற்குச் சற்று மேலே சென்றதும் தோய்ப்பது தக்க பருவம். அனுபவமுள்ள கொல்லர் நிறத்தைக் கொண்டே இதை அறிகிறார். அதற்காகவே உலையை நிழலில் அமைக்கிறார்கள். வெயிலில் நெருப்பின் நிறம் ஏமாற்றும். ஸ்பிரிங் எஃகை எண்ணெயில் தோய்ப்பது பாதுகாப்பானது. நீரில் முழு அலகையும் தோய்த்தால் சில சமயம் வெடித்துவிடும். ஆகவே நீரைப் பயன்படுத்தும் கொல்லர்கள் வாய்ப்பகுதியை மட்டும் நனைத்து, முதுகிலுள்ள சூடு மெல்ல வாய்க்கு இறங்கும்படி விடுகிறார்கள்.

இப்படிச் சூடு இறங்குவதுதான் அரிவாளின் ஆயுளைத் தீர்மானிக்கும் இடம். தோய்த்த எஃகு கண்ணாடியைப்போலக் கடினமானது. அப்படியே விட்டால் முதல் வெட்டிலேயே சிதறும். சூடு திரும்பும்போது தேய்த்த அலகின்மேல் முதலில் வைக்கோல் நிறமும், பிறகு பழுப்பும், பிறகு கத்தரிப்பூ நிறமும், முடிவில் நீலமும் படரும். வைக்கோல் நிறத்தில் நிறுத்தினால் வாய் கடினமாக இருந்து கூர்மையை நெடுநாள் காக்கும். நெற்கதிர் அறுக்கும் மெல்லிய அரிவாளுக்கு அது ஏற்றது. கத்தரிப்பூ நிறத்துக்கும் நீலத்துக்கும் நடுவே நிறுத்தினால் கடினம் சற்றுக் குறைந்து, அதிர்ச்சியைத் தாங்கும் வலிமை கூடும். கருவேலத்தின் கணுவை வெட்டும் அரிவாளுக்கு அது வேண்டும். இரண்டுக்கும் ஒரே அரிவாள் கேட்பவருக்கு எந்தக் கொல்லராலும் நல்லது செய்து தர இயலாது. செய்து தருகிறேன் என்று சொல்பவரிடம் சிறிது எச்சரிக்கையாக இருப்பது நலம்.

கரும்பு வெட்டும் கத்தியைத் தனியே குறிப்பிட விரும்புகிறோம். கரும்பின் அடிக்கணுக்களில்தான் சர்க்கரைச் சத்து மிகுதி. கத்தி மழுங்கியிருந்தாலும், அதன் வளைவு தரையோடு படியாமல் இருந்தாலும், வெட்டுகிறவர் ஒரு சாண் உயரத்தில் வெட்டிவிடுகிறார். இனிப்பான பகுதி வயலிலேயே நின்றுவிடுகிறது. மழுங்கிய கத்தியால் அடிக்கட்டை பிளந்துவிட்டால் மறுதாம்புப் பயிரும் சீராகத் துளிர்க்காது. ஒரு கத்தியின் குறை இரண்டு பருவத்து விளைச்சலில் தெரிவது இவ்வாறுதான்.

அடுத்தது கை. கதிர் அறுப்பதில் பெண்களே மிகுதியாக ஈடுபடுகிறார்கள். கைப்பிடிகளோ ஆணின் உள்ளங்கையை நினைத்துக் கடையப்படுகின்றன. பிடி பருத்திருந்தால் விரல்கள் முழுதும் சுற்றி மூடா. மூடாத பிடியை இறுக்கிப் பிடித்து நாள் முழுதும் அறுத்தால் மணிக்கட்டு வலிக்கும். வியர்வையில் பிடி நழுவவும் செய்யும். ஆகவே அரிவாளைப் பிடிக்கப்போகிறவரே பட்டறைக்குச் செல்ல வேண்டும். இடக்கைப் பழக்கமுள்ளவர் அதை மறவாமல் சொல்ல வேண்டும். ஒரு பக்கம் மட்டும் சாய்வாகத் தீட்டப்படும் அலகு அவருக்கு மறுபக்கத்தில் அமைய வேண்டும்.

கைப்பிடியில் அலகு பொருந்தும் விதம் அழகைக் காட்டிலும் முக்கியமானது. நமது கண்மாயில் பறந்த அலகின் காம்பு இரண்டு அங்குலமே இருந்தது. வெட்டரிவாளுக்குக் காம்பு பிடியின் முழு நீளமும் ஊடுருவி, அடியில் மடக்கி அடிக்கப்பட வேண்டும். அல்லது குறுக்கே தறையாணி அறையப்பட வேண்டும். அரக்குக் காய்ச்சி ஊற்றிப் பொருத்துவது கதிர் அரிவாளுக்குப் போதும்; ஓங்கி வெட்டும் அரிவாளுக்கு அது மட்டும் போதாது. பிடியின் வாயில் இரும்புப் பூண் இல்லையேல் மரம் பிளக்கும். மரம் நன்றாக உலர்ந்ததாக இருக்க வேண்டும். ஈரமரம் கோடையில் சுருங்கிப் பூணை விட்டுவிடும்.

அரிவாளை வாங்கும்போது பட்டறையிலேயே சோதித்துப் பார்ப்பதைக் கொல்லர் தவறாக நினைப்பதில்லை. நல்ல கொல்லர் அதை விரும்புவார். அரத்தை வாயின்மீது மெல்ல இழுத்தால் வழுக்கிக்கொண்டு சிறிதே பற்ற வேண்டும். ஆழமாகப் பற்றினால் தோய்ச்சல் போதவில்லை. பித்தளைக் கம்பி ஒன்றின்மேல் வாயைச் சாய்த்து அழுத்தினால் வாய் சற்று வளைந்து பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும். வளைந்தபடியே நின்றால் மென்மை. பல் பல்லாகத் தெறித்தால் கடினம் மிகுதி. முதுகை மேலே வைத்துக் கண்ணோடு நேராகப் பிடித்துக் கோணல் உண்டா என்று பார்க்க வேண்டும். சாணை பிடித்த வாயில் எங்கேனும் நீலத் திட்டு இருந்தால் சக்கரத்தின் சூட்டில் அந்த இடத்தின் பதம் போய்விட்டது என்று பொருள். பளபளப்பைக் கண்டு மயங்குகிறவர் இந்தத் திட்டைக் காண்பதில்லை.

இனி விலை. கணக்கு விளங்குவதற்காக ஓர் உதாரணம் கொள்வோம். சந்தை அரிவாள் 250 ரூபாய்; ஓராண்டு உழைக்கிறது. பட்டறை அரிவாள் 700 ரூபாய். ஆண்டுக்கு ஒரு முறை 60 ரூபாய் கொடுத்துப் பதம் பார்த்துக்கொண்டால் ஆறு ஆண்டு உழைக்கிறது. ஆறு ஆண்டில் முன்னதற்கு 1,500 ரூபாய். பின்னதற்கு ஐந்து முறை பதம் பார்த்த கூலியும் சேர்த்து 1,000 ரூபாய். தம் ஊர் விலையை இதில் இட்டு ஒவ்வொருவரும் கணக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

கொல்லரிடம் பேரம் பேசக்கூடாது என்று நாம் சொல்லவில்லை. எதில் குறைப்பது என்பதை அறிந்து பேச வேண்டும். எஃகிலும் தோய்ச்சலிலும் குறைக்கச் சொன்னால் அவர் குறைத்துவிடுவார், நட்டம் நமக்கே. மெருகு வேண்டா, முதுகில் கோலம் வேண்டா, உலையிலிருந்து வந்த கருமை அப்படியே இருக்கட்டும் என்று சொன்னால் ஒரு நாழிகை வேலை குறையும். எஃகை நாமே கொண்டு சென்றால் விலை குறையும். பத்து விவசாயிகள் சேர்ந்து பத்து அரிவாள் சொன்னால் ஒரே உலை நெருப்பில், ஒரே சம்மட்டியாளின் கூலியில் வேலை முடியும். ஊர்ப் பெயருக்காகக் கூடுதல் விலை கொடுப்பதையும் யோசித்துச் செய்ய வேண்டும். சிவகங்கை மாவட்டத்துத் திருப்பாச்சேத்தி அரிவாளின் புகழ் நியாயமான புகழே. ஆனால் அப்பெயரைச் சொல்லி விற்கப்படுவன எல்லாம் அவ்வூரில் அடிக்கப்பட்டவை அல்ல. காவல் தெய்வங்களுக்கு நேர்த்திக்கடனாகச் செய்யப்படும் நீண்ட அரிவாளோ வயல் வேலைக்கு உரியதன்று.

முன்பு களத்துமேட்டில் நெல் அளக்கும்போதே கொல்லருக்குச் 'சுதந்திரம்' என்னும் பங்கு ஒதுக்கப்பட்டது. அம்முறையில் குறைகள் பல இருந்தன. அது மறைந்ததில் வருத்தமில்லை. ஆனால் அந்தப் பங்கு போன இடத்தில் ரொக்கக் கூலி நியாயமாக வந்து சேரவில்லை. நாம் சொன்ன முதியவரின் மகன்கள் இருவரும் வெளியூரில் வேறு வேலை பார்க்கிறார்கள். அந்த உலை அணைந்தால் சுற்றியுள்ள ஊர்களின் அரிவாளுக்குப் பதம் பார்க்க நெடுந்தூரம் போக வேண்டியிருக்கும்.

பஞ்சாயத்து அங்கத்தினர்கள் கருவிகள் வாங்கும்போது விலைப்புள்ளியில் எஃகின் வகை, அலகின் நீளமும் கனமும், காம்பு பொருந்தும் முறை, பூண் ஆகியவற்றை எழுதி, மாதிரி ஒன்றைப் பெற்றுச் சோதித்த பிறகே மொத்தமாக வாங்க வேண்டும். இவற்றை எழுதிவிட்டால் உள்ளூர்க் கொல்லரும் சமமாகப் போட்டியிட முடியும். பட்டறைக்கு மின் ஊதுலையோ சாணைச் சக்கரமோ வாங்கக் கடனுதவி நாடுவோரை மாவட்டத் தொழில் மையத்துக்கு அழைத்துச் செல்வது அங்கத்தினர்கள் செய்யக்கூடிய நல்ல உதவி.

ஒரு செய்தி மட்டும் உளது. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் உழவுக்கும் வீட்டுக்கும் மட்டுமே உரிய கருவிகளை ஆயுதமாகக் கொள்வதில்லை. எனினும் குற்றங்களைத் தடுக்கும் பொருட்டு 2021-இல் தமிழ்நாட்டுக் காவல்துறை, அரிவாள் வாங்குவோரின் பெயரையும் முகவரியையும் குறித்துக்கொள்ளுமாறு பட்டறைக்காரர்களைக் கேட்டுக்கொண்டது. ஆகவே கொல்லர் பெயர் கேட்டால் வருந்தாமல் சொல்ல வேண்டும். 'நீளமாக, வீச்சாக ஒன்று அடித்துக் கொடு' என்று கேட்டு அவரைச் சங்கடத்தில் ஆழ்த்தக்கூடாது.

வாங்கிய அரிவாளை வேலை முடிந்ததும் துடைத்து, வேப்பெண்ணெயோ தேங்காயெண்ணெயோ தடவி, பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் செருகி வைக்க வேண்டும். வாய் மழுங்கினால் தண்ணீர் விட்டுத் தீட்டுகல்லில் தீட்ட வேண்டும். தெருவில் வரும் உலர்ந்த சாணைச் சக்கரத்தில் கொடுத்தால் நீலத் திட்டு விழும். தை அறுவடைக்கு அரிவாள் வேண்டுவோர் ஐப்பசிக்குள் பட்டறையில் சொல்லிவிடுவது நல்லது. மார்கழியில் சென்றால் கொல்லர் முகம் கோணாமல் ஒப்புக்கொள்வார். அரிவாள் பொங்கல் கழிந்துதான் கைக்கு வரும்.