கடைக்கு எத்தனை தூரம்?

அமெரிக்காவில் கான்சஸ் மாநிலத்தில் இருக்கும் என் பேத்தி தொலைபேசியில் ஒரு கேள்வி கேட்டாள். "தாத்தா, நீங்க சின்னப் பையனா இருந்தப்ப கறிகாய்க் கடை எத்தனை மைல்?" பள்ளிக்கூடத்தில் பாடமாம். சரோஜினி நகர் அரசுக் குடியிருப்பில் வளர்ந்தவன் நான். "மைல் எல்லாம் இல்லையம்மா, முந்நூறு நானூறு கஜம் இருக்கும். அதற்கும் போக வேண்டாம், தள்ளுவண்டிக்காரன் வாசலுக்கே வந்து கத்துவான்" என்றேன். அவள் நம்பவில்லை. அவர்கள் ஊரிலிருந்து பச்சைக் காய்கறி விற்கும் கடைக்குக் காரில் அரை மணிக்கு மேல் ஆகிறது. உலகத்துக்கே கோதுமை அனுப்பும் மாநிலத்தில் இப்படி.

அந்தப் பாடத்துக்கு அங்கே வைத்திருக்கும் பெயர் 'உணவுப் பாலைவனம்'. 1990-களின் தொடக்கத்தில் ஸ்காட்லாந்தில், அரசு கட்டிக் கொடுத்த வீடுகளில் குடியிருந்த ஒருவர் வாயிலிருந்து வந்த சொல் என்பார்கள். அமெரிக்க வேளாண்மைத் துறை இதற்கு ஓர் அளவுகோல் வைத்தது. நகரத்தில் பெரிய மளிகைக் கடை 1 மைலுக்கு அப்பாலும், கிராமப்புறத்தில் 10 மைலுக்கு அப்பாலும் இருந்து, அப்படித் தொலைவில் வசிப்பவர் குறைந்தது 500 பேராகவோ மக்களில் மூன்றில் ஒரு பங்காகவோ இருந்தால், அப்பகுதியைக் கடைவசதி குறைந்ததாகக் கொள்வார்கள். அதோடு வறுமையும் சேர்ந்தால் அது உணவுப் பாலைவனம்.

நம் தமிழ்நாட்டிலும் ஓர் அளவுகோல் உண்டு. குடும்ப அட்டை வைத்திருக்கும் யாரும் நியாயவிலைக் கடைக்கு 1.5 கிலோமீட்டருக்கு மேல் நடக்கக்கூடாது என்பது அது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போமா? பத்தாவது படிக்கும் பிள்ளைகள் தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளலாம்.

1.5 கிலோமீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் பரப்பு ஏறக்குறைய 7 சதுர கிலோமீட்டர். 10 மைல் என்பது 16 கிலோமீட்டர். அந்த வட்டத்தின் பரப்பு சுமார் 813 சதுர கிலோமீட்டர். அதாவது, ஓர் அமெரிக்க வட்டத்துக்குள் நம் வட்டங்கள் 115 அளவுக்குப் பரப்பு இருக்கிறது. தலைநகர் தில்லி முழுவதும் 1,483 சதுர கிலோமீட்டர்தான். நரேலாவிலிருந்து பதர்பூர் வரை எல்லோருக்கும் இரண்டே இரண்டு கடைகள் என்று நினைத்துப் பாருங்கள்! அவர்களிடம் கார் இருக்கிறது, நம்மிடம் கால் இருக்கிறது. அளவுகோல் மாறுவதற்கு அதுதான் காரணம். கார் இல்லாதவர் அங்கும் உண்டு என்பதால், வண்டி இல்லாத குடும்பங்கள் கடையிலிருந்து அரை மைலுக்கு அப்பால் எத்தனை என்று வேறொரு கணக்கும் அவர்கள் எடுக்கிறார்கள். அது எனக்குப் பிடித்தது.

இப்போது இரண்டாவது கணக்கு. தமிழ்நாட்டின் பரப்பு சுமார் 1,30,000 சதுர கிலோமீட்டர். நியாயவிலைக் கடைகள் 34,000-க்கும் மேல். கடைக்கு 7 சதுர கிலோமீட்டர் என்றால் 2,38,000 வருகிறது. மாநிலத்தின் பரப்பைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு! காடு, மலை, ஏரி எல்லாவற்றையும் சேர்த்து மூடிவிட்டு மிச்சமும் இருக்க வேண்டும். ஆனாலும் நடப்பவர்கள் நடந்துகொண்டுதான் இருக்கிறார்கள். ஏன்?

ஜனம் இருக்கும் இடத்தில் கடைகள் நெருங்கி இருக்கும்; வட்டத்தின் மேல் வட்டம் விழும். இது முதல் காரணம், எளிதில் புரிவது. இரண்டாவது, கடைகளில் நான்கில் ஒன்றுக்கும் மேல் பகுதிநேரக் கடைகள். வாரத்தில் சில நாள்தான் திறப்பார்கள். செவ்வாய்க்கிழமை ஒரு கிலோமீட்டரில் இருக்கும் கடை புதன்கிழமை இல்லை என்றால், புதன்கிழமைக்கு அதன் தூரம் என்ன? வண்டி வராத நாளில் ஸ்டேஷன் பக்கத்தில் இருந்து என்ன பயன் என்று ரயில்வேக்காரனுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. மூன்றாவது மலை. தர்மபுரி மாவட்டம் பென்னாகரம் பக்கத்துக் கோட்டூர் மலைக்கு 2021 தேர்தலில் வாக்குப்பதிவு இயந்திரங்கள் கழுதை முதுகில் ஏறிப் போனதைப் பத்திரிகைகளில் படித்திருப்பீர்கள். இயந்திரம் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை. அரிசி மாதாமாதம் போக வேண்டும்.

நான்காவது காரணத்தைப் பற்றித்தான் நான் முக்கியமாக எழுத வந்தேன். வரைபடத்தில் அளக்கும் தூரம் வேறு, கால் அளக்கும் தூரம் வேறு. அமெரிக்கக் கணக்கிலும் அரை கிலோமீட்டர் கட்டங்களாக நாட்டைப் பிரித்து, அங்கிருந்து கடைக்கு நேர்கோட்டில்தான் அளக்கிறார்கள். காக்கைக்கு அது சரி.

என் அக்கா சரோஜினி நகரில் என்னோடு வளர்ந்து, தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் வாழ்க்கைப்பட்டவர். அத்திம்பேர் காலமாகிவிட்டார். பிள்ளை வளைகுடாவில். வயது எழுபத்து நான்கு. வீட்டுக்கும் நியாயவிலைக் கடைக்கும் நடுவே ரயில் பாதை. முன்பு ஆளில்லாத கேட் ஒன்று இருந்தது. அதைத் தாண்டினால் கடை 1.1 கிலோமீட்டர். அகலப் பாதையில் ஆளில்லா லெவல் கிராசிங்குகள் எல்லாவற்றையும் 2019 ஜனவரிக்குள் நீக்கியபோது அதுவும் போயிற்று. நீக்கியது சரிதான். பள்ளி வண்டிகள் மோதிக் குழந்தைகள் இறந்த இடங்களைப் பார்த்தவன் நான், அதில் இரண்டு பேச்சு இல்லை. ஆனால் அதற்குப் பதிலாக வந்த சுரங்கப் பாதை தள்ளி இருக்கிறது. அதன் வழியே கடை 2.9 கிலோமீட்டர். ஐப்பசி கார்த்திகையில் முழங்கால் தண்ணீர் நின்றால் அந்த வழியும் கிடையாது.

அக்கா மணிக்கு இரண்டரை கிலோமீட்டர் நடப்பார். போக எழுபது நிமிஷம், வர எழுபது நிமிஷம். வரும்போது தலையில் பத்துப் பன்னிரண்டு கிலோ அரிசி. வயல் வேலையும் பாத்திரம் தேய்ப்பதுமாக ரேகை அழிந்த விரலைக் கருவி சில மாதம் ஏற்காது. மறுநாள் வரச் சொல்வார்கள். ஆக, ஒரு மாத அரிசிக்கு 11.6 கிலோமீட்டர். பதிவேட்டில் அவர் 1.5 கிலோமீட்டர் வட்டத்துக்குள் பத்திரமாக இருக்கிறார்.

"ஏண்டா தம்பி, கேட்டை மூடறதுக்கு முன்னாடி உங்க இஞ்சினியர் யாராவது அரிசி மூட்டையோட நடந்து பார்த்தாங்களா?" என்று கேட்டார்.

அந்தப் பாதை என் பிரிவில் இல்லை. ஆனால் என் பிரிவில் இதுபோல மூன்று கேட்டுகளுக்கு நான் அறிக்கை எழுதியிருக்கிறேன். மண்ணின் தன்மை, பாதையின் உயரம், வாகன எண்ணிக்கை, வடிகால் எல்லாம் எழுதினேன். எந்த வீட்டிலிருந்து எந்தக் கடைக்கு யார் நடக்கிறார்கள் என்று எழுத அந்தப் படிவத்தில் இடம் கிடையாது. இடம் இல்லாததால் கேட்கவும் இல்லை. இப்போது அந்த மூன்று ஊர்களும் அடிக்கடி நினைவுக்கு வருகின்றன.

சரி, பரிகாரம் என்ன? கடையை ஆளிடம் கொண்டுபோவது ஒரு வழி. 2020 செப்டம்பரில் தமிழ்நாட்டில் 3,501 நகரும் நியாயவிலைக் கடைகள் தொடங்கப்பட்டன. 2025 ஆகஸ்ட் 12-இல் 'தாயுமானவர்' திட்டம் வந்தது. 70 வயது கடந்தவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டு வாசலிலேயே பொருள் கொடுக்க ஏற்பாடு. கான்சஸில் எரி என்றொரு சிற்றூர், ஆயிரம் பேர்போல வசிக்கும் இடம். இருந்த ஒரே மளிகைக் கடை போய்விடும் நிலை வந்தபோது ஊர் நிர்வாகமே அதை வாங்கி நடத்தியது. அவர்களுக்கு அது புதுமை. நமக்கு 1904-லேயே திருவல்லிக்கேணியில் கூட்டுறவுப் பண்டகசாலை உண்டு. தில்லி அரசு ஊழியர்களுக்குக் கேந்திரிய பண்டார் 1963-இல் வந்துவிட்டது.

இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். கடை பக்கத்தில் வந்தால் மட்டும் சாப்பாடு சரியாகிவிடாது. 2019-இல் அமெரிக்கப் பொருளாதார அறிஞர்கள் சிலர் பெரிய ஆய்வு ஒன்று வெளியிட்டார்கள். பணக்காரருக்குக் கிடைக்கும் அதே பொருள்களை அதே விலையில் ஏழைக்கும் கொடுத்தால்கூட, இருவர் உணவின் தரத்திலும் உள்ள இடைவெளி பத்தில் ஒரு பங்குதான் குறையும் என்றார்கள். மிச்சம் வருமானம், படிப்பு, பழக்கம். நம் வீட்டுப் பிள்ளைகள் கீழே கடையில் கீரை இருந்தும் நூடுல்ஸ் கேட்பதைப் பார்த்தால் இதற்கு ஆய்வே வேண்டாம். ஆனால் அக்காவின் பிரச்சினை பழக்கம் அல்ல, தூரம்.

சரோஜினி நகரிலும் கணக்கு மாறிவிட்டது. நாங்கள் இருந்த இரண்டு மாடிக் குவார்ட்டர்ஸ் இடிந்து, அடுக்குமாடிகள் எழும்புகின்றன. மார்க்கெட் அதே இடத்தில்தான் இருக்கிறது, ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் இன்றும் கிடைக்கின்றன. ஆனால் காவலாளி நிற்கும் கேட்டுக்குள் தள்ளுவண்டி நுழைய முடியுமா? பன்னிரண்டாவது மாடியில் முழங்கால் வலியோடு இருக்கும் மாமிக்கு, லிஃப்ட் நிற்கும் நாளில் கடை எத்தனை தூரம்? செல்போனில் தட்டினால் பத்து நிமிஷத்தில் வரும் என்பார்கள். தட்டத் தெரிந்தவர்களுக்கு வரும்.

கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போகும் பிள்ளைகளுக்கு ஒரு வேலை. தாத்தா பாட்டி வீட்டிலிருந்து கடைக்கு நடந்து போங்கள். வரைபடத்தில் நேர்கோட்டுத் தூரம், நடந்த தூரம், ஆன நேரம், கடை மாதத்தில் எத்தனை நாள் திறக்கிறது, தூக்கி வந்த எடை, இவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் அந்த வழி உண்டா என்று பாட்டியிடமே கேளுங்கள். என் பேத்திக்கும் இதையே சொன்னேன். அவள் பள்ளிப் பாடத்தில் அக்காவின் கணக்கை எழுதி அனுப்பியிருக்கிறாள்: நேர்கோடு 1.1, நடை 2.9, எடை 12.

சென்ற முறை பேசியபோது, வண்டி தெருமுனைக்கு வந்ததாக அக்கா சொன்னார். விரல் ரேகை விழுந்ததா என்று கேட்டேன். "மூணாவது விரல்ல விழுந்துதுடா" என்றார்.