முதலில் ‘டிக்’ கேட்கிறதா?

ஐ.டி.ஐ. முடித்து எங்கள் ஆட்டோ எலக்ட்ரிக்கல் பட்டறையில் சேரும் பையன்களுக்கு முதல் வாரத்தில் நான் கொடுக்கிற வேலை ஹாரன்தான். அதுவும் பத்துப் பன்னிரண்டு வருடம் ஓடிய பிக்கப் வண்டி கிடைத்தால் இன்னும் நல்லது. மழை, சேறு, யாரோ நடுவில் வெட்டி டேப் சுற்றிய வயர் என்று அதில் எல்லாமே இருக்கும். பேட்டரி, ஃபியூஸ், ரிலே, பட்டன், ஹாரன், எர்த் என ஆறே இடம். இந்த ஆறில் கரண்ட் எங்கே நின்றது என்று தேடிப் பழகியவனுக்கு நாளை ஸ்டார்ட்டர் மோட்டார் வந்தாலும் கை நடுங்காது.

போன ஐப்பசியில் வாழைத்தார் ஏற்றும் பிக்கப் ஒன்று வந்தது. டிரைவர் ஜன்னல் வழியாக வலது கையை விட்டுக் கதவைத் தட்டிக்கொண்டே உள்ளே நுழைந்தார். இரண்டு நாளாக அதுதான் அவருக்கு ஹாரன்.

“அண்ணே, வேற இடத்துல புது ஹாரன் ஜோடி மாட்டியாச்சு. ஒரு நாள் அடிச்சுது, மறுநாள் போச்சு.”

எங்கள் பையன் உடனே, “ரிலேவை மாத்திடலாம்ணே” என்றான். புதிதாக வருகிற எல்லோரும் செய்கிற தப்பு இது. சந்தேகப்பட்ட சாமானை எல்லாம் மாற்றிக்கொண்டே போனால் கடைசியில் ஏதோ ஒன்றில் ஹாரன் அடிக்கும்; எதில் அடித்தது என்று உங்களுக்கே தெரியாது.

எஞ்சினை நிறுத்தச் சொன்னேன். ஹாரன் ரிலேயின் மேல் பையனின் விரலை வைக்கச் சொல்லி, டிரைவரைப் பட்டனை அமுக்கச் சொன்னேன். பட்டறைச் சத்தத்தில் காது ஏமாறும், விரல் ஏமாறாது. ‘டிக்.’

அந்த ஒரு டிக்கில் பாதி வேலை முடிந்தது. பட்டன் சரி, ஸ்டீயரிங்குக்குள் போகும் வயர் சரி, ரிலே காயில் சரி. இனி ரிலேயின் உள் காண்டாக்டிலிருந்து ஹாரன் வரை, அங்கிருந்து எர்த் வரை மட்டும் பார்த்தால் போதும். ரிலேயின் அடியில் பொடி எழுத்தில் எண்கள் இருக்கும். 30 பேட்டரியிலிருந்து வருவது, 87 ஹாரனுக்குப் போவது, 85-ம் 86-ம் காயில். இந்த நான்கு எண்ணையும் மனப்பாடம் செய்துவிடுங்கள். சில பழைய வண்டிகளில் ரிலேயே கிடையாது, பட்டன் வழியாகவே முழு கரண்டும் ஓடும். அதில் முதலில் கருகுவது பட்டன் காண்டாக்ட்.

அடுத்து ஹாரனின் கப்ளரைக் கழற்றி, நடுவில் 15 ஆம்பியர் ஃபியூஸ் வைத்த வயரால் பேட்டரியிலிருந்து நேராகக் கொடுத்தோம். ஊரே திரும்பிப் பார்க்கிற மாதிரி அடித்தது. ஆக, புது ஹாரனில் குறை இல்லை. பையன் மல்டிமீட்டரைக் கப்ளரின் இரண்டு முனையிலும் வைத்தான், டிரைவர் பட்டனை அமுக்கினார். 12.4 வோல்ட்.

“வோல்ட் வருதே, அப்புறம் ஏண்ணே அடிக்கல?”

இந்த இடத்தில்தான் பல பேர் நாள் முழுக்க மாட்டிக்கொள்வார்கள். மல்டிமீட்டர் இழுக்கிற கரண்ட் ஒன்றுமில்லை என்றே சொல்லலாம். வயரில் ஒரே ஒரு இழை மிச்சமிருந்தாலும் அது முழு வோல்ட்டைக் காட்டிவிடும். ஹாரனோ ஒன்றுக்கு நாலு, ஐந்து ஆம்பியர் கேட்கும். அவ்வளவு கரண்டை அந்த ஒற்றை இழை தராது.

அதனால் என் டிராயரில் எப்போதும் ஒரு பழைய ஹெட்லைட் பல்ப், இரண்டு வயர் பற்றவைத்தபடி கிடக்கும். 55 வாட், 12 வோல்ட் என்றால் கணக்குப் போட்டுப் பாருங்கள், ஏறக்குறைய நாலரை ஆம்பியர். ஒரு ஹாரன் கேட்கிற அதே பாரம். பல்பைக் கப்ளரின் பிளஸ் முனைக்கும் பேட்டரி மைனஸுக்கும் இடையில் கொடுத்தோம், பளிச்சென்று எரிந்தது. பேட்டரி மைனஸை விட்டுக் கப்ளரின் எர்த் முனைக்கு மாற்றினோம். பல்பின் இழை மட்டும் செங்கலாய்ச் சிவந்தது. கோளாறு எர்த்தில்.

எர்த் வயரைத் தொட்டுக்கொண்டே போனால், ரேடியேட்டருக்குக் கீழே ஒரு போல்ட்டில் போய் முடிந்தது. லக் முழுக்கப் பச்சைக் களிம்பு. நிமிண்டியதும் கையோடு வந்துவிட்டது, இரண்டு இழைதான் பிடித்துக்கொண்டிருந்தது. புது ஹாரன் மாட்டும்போது வயர் அசைந்து ஒரு நாள் தொட்டிருக்கிறது, குழியில் இறங்கிய மறுநாள் விட்டிருக்கிறது.

செம்பு பளபளக்கும் வரை வயரை வெட்டி, புது லக் போட்டு, பெயின்டை உப்புத்தாளால் தேய்த்து வெறும் இரும்பில் இறுக்கி, மேலே கிரீஸ் தடவினோம். பிறகு ஹாரன் அடிக்கும்போதே மீட்டரின் ஒரு முனையை ஹாரன் எர்த்திலும் இன்னொன்றைப் பேட்டரி மைனஸிலும் வைத்துப் பார்த்தோம். 0.1 காட்டியது. அரை வோல்ட்டைத் தாண்டினால் இன்னும் எங்கோ களிம்பு இருக்கிறது என்று அர்த்தம்.

சரி, டிக் கேட்கவே இல்லை என்றால்? முதலில் ஃபியூஸ். உருகியிருந்தால் அதே ஆம்பியரில் போடுங்கள். மறுபடி உருகினால் வயர் எங்கோ பாடியில் உரசுகிறது, பம்பர் பக்கம் தேடுங்கள். சிகரெட் பாக்கெட் ஜிகினாத்தாளைச் சுற்றித் தருகிற ‘நிபுணர்கள்’ இன்னும் இருக்கிறார்கள். அதன் பிறகு உருகுவது வயரிங்தான். ஃபியூஸ் நல்லதென்றால் ரிலே காயில். பெரும்பாலான வண்டிகளில் அதன் ஒரு முனையில் பிளஸ் இருக்கும், மறுமுனைக்குப் பட்டன் எர்த் கொடுக்கும். அந்த மறுமுனையை ஒரு வயரால் எர்த்தில் தொடுங்கள். டிக் வந்தால் ரிலே நல்லது, குறை பட்டன் பக்கம். ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் திருப்பினால் மட்டும் ஹாரன் அடிக்கிறதா என்று டிரைவரிடம் கேளுங்கள். ஆமாம் என்றால் ஸ்லிப் ரிங். ஏர்பேக் உள்ள வண்டியில் ஸ்டீயரிங்கைத் தொடும் முன் பேட்டரியைக் கழற்றிச் சில நிமிடம் காத்திருங்கள். ஏர்பேக்கின் மஞ்சள் கப்ளரில் டெஸ்ட் லாம்ப் வைக்கவே கூடாது.

நிற்காமல் அலறுகிற ஹாரனுக்கு ரிலேயைப் பிடுங்குங்கள், அடங்கும். நல்ல ரிலே மாட்டியும் அலறினால் பட்டன் வயர் பாடியில் தொடுகிறது. அலறாவிட்டால் பழைய ரிலேயின் காண்டாக்ட் ஒட்டிக்கொண்டது.

கூலி விஷயம். “ஒரு லக்குக்கு முந்நூறாண்ணே?” என்றார் டிரைவர். வெட்டிய முனையை அவர் கையில் வைத்தேன், பேசவில்லை. தேடும் கூலி இவ்வளவு, சாமான் தனி என்று வண்டியைத் தொடும் முன்பே சொல்லிவிடுங்கள். பில்லில் ‘ஹாரன் வேலை’ என்று மொட்டையாக எழுதாமல் ‘எர்த் லக் மாற்றியது’ என்று எழுதுங்கள். நல்ல ஹாரனுக்குப் பதில் இன்னொன்றை அவர் தலையில் கட்டியிருந்தால் எனக்கு அன்றைக்கு லாபம் கூடியிருக்கும், அடுத்த மாதம் அவர் வந்திருக்க மாட்டார்.

போகும்போது, “ராகம் பாடுற ஹாரன் ஒண்ணு மாட்டிக் குடுங்களேன்” என்றார். மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இல் 119-ஆவது விதி பல சுர ஹாரனைத் தடுக்கிறது. எட்டு வயது தாண்டிய சரக்கு வண்டிக்கு வருடா வருடம் எஃப்.சி. தகுதிச் சோதனை உண்டு, அங்கே போய் நிற்பது அவர்தான் என்றேன். சிரித்துக்கொண்டார்.

சாவியைக் கொடுக்கும் முன் பையனை மறுபடி வண்டியில் ஏற்றினேன். எஞ்சினை ஓடவிட்டு, ஹெட்லைட்டும் வைப்பரும் போட்டு, ஸ்டீயரிங்கை இரு பக்கமும் கடைசி வரை திருப்பி அடித்துப் பார்த்தான். நான் கீழே குனிந்து எர்த் வயரை ஆட்டிக்கொண்டிருந்தேன். சத்தம் விடவில்லை.