சமூகப் பத்திரிகையும் மனைமொழியும்

முஸ்லிம்களின் பத்திரிகை எம்மொழியில் வெளிவரும் என்று வினவினால், உருது அல்லது அரபு என்றே நம் மாணவருட் பலர் விடை பகர்வர். வில்லியனூர், பாகூர்ப் பக்கங்களிலிருந்து கல்லூரிக்கு வருவோர் முஸ்லிம் நண்பரோடு நாள்தோறும் தமிழிலேயே உரையாடுகின்றனர். ஆயினும் அவர் வாயிலும் இவ்விடையே பிறக்கும். மார்க்கமொழி வேறு, மனைமொழி வேறு என்பதை மறந்தமையே இப்பிழைக்குக் காரணமாம்.

கூர்ச்சர நாட்டை முதற்கண் நோக்குவோம். ஆங்கு முஸ்லிம்களிற் பெரும்பாலோர் குஜராத்தி கற்றவர். அவர்கள் பொருட்டு 1991ஆம் ஆண்டில் அகமதாபாத்தில் ‘குஜராத் டுடே’ என்னும் நாளிதழ் தோன்றியது. அது மேற்கொண்ட மொழி குஜராத்தியே. அம்மொழியிற் பத்திரிகைத் தொழிலுக்கு வித்திட்டவரும் ஒரு சிறுபான்மையினரே. 1822இல் ‘மும்பை சமாச்சார்’ இதழைத் தொடங்கிய பர்துன்ஜி மர்ஸ்பான் ஒரு பார்சி அன்றோ!

இனித் தமிழுலகை நோக்குவோம். 1882ஆம் ஆண்டு டிசம்பரில், கண்டி நகரத்து வழக்கறிஞர் சித்தி லெப்பை ‘முஸ்லிம் நேசன்’ என்னும் வாரப்பத்திரிகையைத் தொடங்கினார். அடுத்த மாதமே எகிப்திய வீரர் அராபி பாஷா நாடு கடத்தப்பெற்று இலங்கை வந்தடைந்தார். சிங்கப்பூரில் 1887இல் மகதூம் சாயபு ‘சிங்கை நேசன்’ நடத்தினார். தமிழகத்தில் அரசாங்க உத்தியோகத்தைத் துறந்த பா. தாவூத் ஷா ‘தாருல் இஸ்லாம்’ நடத்தி, நல்ல தமிழுக்குப் பெயர் பெற்றார். பிற்காலத்தில் அப்துல் ஸமது சென்னையில் ‘மணிச்சுடர்’ நாளிதழை நிறுவினார்.

இத்தகைய பத்திரிகைகளால் விளையும் பயன் யாது? முதலாவது, தம்மவரைத் தட்டியெழுப்புதல். கல்வியிற் பின்தங்கிய தம் சமூகத்தார்க்குப் புதுக்கல்வியின் இன்றியமையாமையைச் சித்தி லெப்பை இடையறாது வற்புறுத்தினார். அவரும் பிறரும் கூடி முயன்றதனால் 1892இல் கொழும்பில் ஒரு பள்ளி எழுந்தது. அதுவே ஸாஹிராக் கல்லூரியாக வளர்ந்தது. இரண்டாவது, அயலார்க்குத் தம் குறையை உணர்த்துதல். அயலான் அறியாத மொழியில் எழுதிய முறையீடு வீட்டினுள்ளேயே ஒலித்து அடங்கும். அவனறிந்த மொழியில் எழுதினால் அவன் படிப்பான். தவறு கண்டால் மறுத்துரைப்பான். அம்மறுப்பும் ஓர் உறவேயாகும்.

நிற்க. இதன்கண் ஓர் இடரும் உண்டு. தன் சமூகச் செய்தியன்றிப் பிறிதொன்றும் கூறாத பத்திரிகை, தன் வாசகரை ஓர் அறைக்குள் அடைத்துவிடும். ஆனால் இக்குற்றம் சிறுபான்மையினரின் பத்திரிகைக்கு மட்டும் உரியதன்று. அயலாரின் இன்பதுன்பங்களை ஒரு மூலையிலும் அச்சிடாத பெரும்பத்திரிகையும் அங்ஙனமே ஓர் அறையாகும். அளவிற் பெரிதாயிருத்தலே வேறுபாடு.

ஆகவே, மாணவர்காள்! நம் ஊர் வாசகசாலையில் அயற்சமூகத்தாரின் பத்திரிகை ஒன்று கிடக்குமாயின், ‘அஃது அவர்க்குரியது’ என்று ஒதுக்கிவிடாதீர். நம் மொழியில் அச்சிடப்பெற்ற அது நமக்கும் உரியதே. அதனை எடுத்துப் படிப்பது நம் கடன்.