ஆக்சிடோசின் பற்றிக் கேட்ட தம்பிக்கு



ஆக்சிடோசின்தான் அன்பின் ஹார்மோன் என்று யாரோ பேசிய காணொளியைப் பார்த்துவிட்டு, ‘அப்படியானால் பாசம் என்பதே ஒரு சொட்டு ரசாயனம்தானா?’ என்று கேட்டு எழுதியிருக்கிறாய். பிளஸ் டூ முடித்து உளவியல் படிக்க நினைப்பவனுக்குப் பொருத்தமான கேள்விதான். ஆனால் அந்தக் காணொளிக்காரர் கதையைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார்.

முதலில் ஆக்சிடோசினை அன்போடு யாரும் சேர்த்துப் பேசவில்லை. பிட்யூட்டரி சுரப்பியின் சாறு பூனையின் கருப்பையைச் சுருங்க வைப்பதை 1906இல் ஹென்றி டேல் என்ற ஆங்கிலேயர் கண்டார். 1953இல் வின்சென்ட் டு விக்னோ அந்தச் சாற்றில் வேலை செய்த பொருளான ஆக்சிடோசினை ஆய்வகத்தில் தயாரித்தார். இரண்டு வருடம் கழித்து வேதியியல் நோபல் அவரைத் தேடி வந்தது. ஒன்பது அமினோ அமிலங்கள் மட்டுமே கொண்ட சின்ன மூலக்கூறு அது. பிரசவ வார்டில் வலி வரவழைக்க டிரிப்ஸில் ஏற்றுவது இன்றைக்கும் அதைத்தான்.

அதைக் காதல் விவகாரத்துக்குள் இழுத்துவிட்டவை அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்துப் புல்வெளி எலிகள். லோவெல் கெட்ஸ் என்ற விலங்கியலாளர் 1970களில் அங்கே பொறி வைத்து எலிகளை எண்ணிக்கொண்டிருந்தார். ஒரே ஆணும் அதே பெண்ணும் திரும்பத் திரும்பச் சேர்ந்தே பொறியில் விழுந்தன. பாலூட்டிகளில் இப்படி ஜோடி பிரியாமல் வாழ்பவை மிகச் சில. உயிரியலாளர் சூ கார்ட்டர் இந்த எலிகளை ஆய்வகத்துக்குக் கொண்டுவந்தார். பெண் எலியின் மூளைக்குள் ஆக்சிடோசினைச் செலுத்தினால் இணை சேராமலேயே பக்கத்திலிருக்கும் ஆணோடு ஒட்டிக்கொண்டது. ஆக்சிடோசினைத் தடுத்தால் ஒட்டவில்லை. மலையில் வாழும் உறவுக்கார எலி இனம் ஜோடி சேர்வதில்லை. அதன் மூளையிலும் ஆக்சிடோசின் உண்டு. ஆனால் அதை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகள் வேறு இடங்களில் பரவியிருக்கின்றன. புல்வெளி எலிக்கோ, இன்பத்தையும் பழக்கத்தையும் பதியவைக்கும் நியூக்ளியஸ் அக்கும்பென்ஸ் பகுதியில் அவை அடர்ந்திருக்கின்றன.

கதை இதோடு முடிந்திருந்தால் காணொளிக்காரர் சொன்னது சரி. ஆனால் 2023இல் கலிஃபோர்னியாவில் ஒரு குழு, மரபணுவை வெட்டித் திருத்தி, ஆக்சிடோசின் ஏற்பியே இல்லாத புல்வெளி எலிகளை உருவாக்கியது. அவை ஜோடி சேராது என்றுதான் எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவை வழக்கம்போல் ஜோடி சேர்ந்தன, குட்டி போட்டன, பாலும் கொடுத்தன. மூளை ஒரே கயிற்றில் உறவைத் தொங்கவிடுவதில்லை என்றுதான் இதற்கு அர்த்தம். மூக்கில் ஆக்சிடோசினைத் தெளித்தால் மனிதர்களுக்கு முன்பின் தெரியாதவர்மேல் நம்பிக்கை கூடும் என்று 2005இல் சூரிச்சிலிருந்து வந்த ஆய்வுக்கும் இதே கதிதான். அதைப் பெரிய அளவில் திரும்பச் செய்து பார்த்தவர்களுக்கு அந்த விளைவு கிடைக்கவில்லை. ஸ்பிரே விற்பவர்கள் மட்டும் இன்னும் முதல் ஆய்வையே காட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

சரி, ஒரு சொட்டு ரசாயனம் இல்லை என்றால் பிறகு எது? இந்தக் கேள்விக்கு எலிகளைவிடத் தெளிவாகப் பதில் சொன்னவர்கள் ருமேனியக் குழந்தைகள்.

மக்கள்தொகையைப் பெருக்க வேண்டும் என்று 1966இல் அந்நாட்டு ஆட்சியாளர் சௌசெஸ்கு கருக்கலைப்பைத் தடை செய்தார். வளர்க்க முடியாத குடும்பங்கள் பிள்ளைகளை அரசுக் காப்பகங்களில் விட்டன. 1989இல் அவர் ஆட்சி கவிழ்ந்தபோது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் அந்தச் சுவர்களுக்குள் இருந்தார்கள். சுமார் பத்து வருடங்கள் கழித்துச் சார்லஸ் நெல்சன், நேத்தன் ஃபாக்ஸ், சார்லஸ் சீனா ஆகிய மூன்று அமெரிக்க ஆய்வாளர்கள் தலைநகர் புக்கரெஸ்டுக்குப் போனார்கள். பெரும்பாலான குழந்தைகளுக்குச் சோறு கிடைத்தது, குளிப்பாட்டினார்கள், வரிசையாக உட்கார்த்தி மலம் கழிக்கவும் வைத்தார்கள். எல்லாவற்றுக்கும் மணி உண்டு. ஒன்றுதான் இல்லை. இன்று தூக்கிய கை நாளைக்கு வராது; ஆயாக்கள் ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் மாறினார்கள், ஒருவருக்குப் பத்துப் பன்னிரண்டு குழந்தைகள். கைக்குழந்தைகள் இருந்த அறைகள் சத்தமே இல்லாமல் கிடந்தன. அழுதால் யாரும் வருவதில்லை என்று தெரிந்தபின் எந்தக் குழந்தை அழும்? கொஞ்சம் பெரியவர்கள், யார் உள்ளே நுழைந்தாலும் ஓடிவந்து கைதூக்கி நின்றார்கள். பார்ப்பவருக்குப் பாசம்போலத் தெரியும். யாரோடும் பிணைப்பில்லாத பிள்ளைதான் எல்லோரிடமும் அப்படி ஓடும் என்கிறார்கள் ஆய்வாளர்கள். குழந்தைகள் முன்னால் அழக்கூடாது என்று அந்தக் குழு தனக்குள் ஒரு விதியே வைத்துக்கொண்டது.

ஆறு மாதத்திலிருந்து 31 மாதம் வரையிலான 136 குழந்தைகளைத் தேர்ந்தெடுத்துச் சீட்டுக் குலுக்கினார்கள். 68 பேர் வளர்ப்புக் குடும்பங்களுக்கு. மீதி 68 பேர் காப்பகத்திலேயே. புக்கரெஸ்டில் அப்போது வளர்ப்புக் குடும்ப முறை கிட்டத்தட்ட இல்லை. ஆய்வுக்காகவே 56 குடும்பங்களைத் தேடிப் பிடித்துப் பழக்கினார்கள். குலுக்கலில் தோற்ற குழந்தையைப் பற்றி நினைத்தால் உனக்குக் கோபம் வரும், வரட்டும். பின்னால் அரசே இடம் பார்த்து அவர்களை அழைத்துக்கொண்டால் தடுப்பதில்லை என்று ஆய்வாளர்கள் ஒப்புக்கொண்டிருந்தார்கள், பலருக்கு அப்படி நடந்தது என்பது ஒரு சமாதானம். அது போதுமா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை.

நாலரை வயதில் நுண்ணறிவுச் சோதனை வைத்தார்கள். காப்பகக் குழுவின் சராசரி 73, குடும்பங்களுக்குப் போனவர்களுடையது 81, பெற்றோரிடமே வளர்ந்த அதே ஊர்ப் பிள்ளைகளுடையது 109. எட்டு வயதில் இ.இ.ஜி. எடுத்தபோது, இரண்டு வயதுக்கு முன்பே குடும்பத்துக்குப் போனவர்களின் மூளை மின்னலைகள் வீட்டில் வளர்ந்த பிள்ளைகளுடையதைப் போலவே இருந்தன. பிந்திப் போனவர்களுக்கு அப்படி இல்லை. மன நலத்தில் கணக்கு இன்னும் நுட்பமானது. குடும்பம் கிடைத்தபின் பதற்றமும் மனச்சோர்வும் குறைந்தன. கவனக் குறைபாடு அவ்வளவாகக் குறையவில்லை. பன்னிரண்டு வயது வரை தொடர்ந்து பார்த்ததில், கடைசிவரை ஒரே வளர்ப்புக் குடும்பத்தில் இருந்த பிள்ளைகளே நன்றாக இருந்தார்கள். வீடு மாறி மாறிப் போனவர்களுக்கு அந்தப் பலன் குறைவு. பிணைப்புக்கு வேண்டியது ‘யாரோ ஒருவர்’ அல்ல, திரும்பத் திரும்ப வரும் அதே ஒருவர். இல்லினாய்ப் பொறியில் விழுந்த ஜோடியும் காட்டியது கிட்டத்தட்ட இதுதான்.

பெரியவர்களானாலும் இது மாறுவதில்லை. 2006இல் உளவியலாளர் ஜேம்ஸ் கோன், திருமணமான 16 பெண்களை மூளை ஸ்கேன் கருவிக்குள் படுக்கவைத்து, ஷாக் அடிக்கப்போகிறது என்று எச்சரித்தார். கணவரின் கையைப் பிடித்திருந்தபோது மூளையின் ஆபத்து மணி நன்றாகவே அடங்கியது. அந்நியர் கைக்கும் அடங்கியது, ஆனால் குறைவாக.

அடுத்தவர் வலியை உணர்வதும் இப்படி ஆள் பார்த்துத்தான் வருகிறதா? இந்த இடத்தில் உன் காணொளிக்காரர் கண்ணாடி நியூரான்களைக் கொண்டுவந்திருப்பார். ஒரு செயலைத் தான் செய்யும்போதும் பிறர் செய்வதைப் பார்க்கும்போதும் ஒன்றுபோல இயங்கும் மூளைச் செல்கள் அவை; 1990களின் தொடக்கத்தில் இத்தாலியின் பார்மாவில் குரங்குகளிடம் கண்டறியப்பட்டவை. டி.என்.ஏ. உயிரியலுக்குச் செய்ததை இவை உளவியலுக்குச் செய்யும் என்று சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த நரம்பியலாளர் வி.எஸ். ராமச்சந்திரன் 2000இல் கணித்தார். அவ்வளவு தூரம் அவை வரவில்லை. எனக்கு அதைவிட, சிகாகோவில் நடந்த எலிச் சோதனை பெரிதாகப் படுகிறது. கூட்டாளி எலி ஒரு குழாய்க்குள் அடைபட்டிருந்தால், வெளியே இருக்கும் எலி சில நாட்களில் கதவைத் திறக்கக் கற்றுக்கொண்டது. பக்கத்தில் சாக்லேட் வைத்தாலும் கூட்டாளியை விடுவித்தது, பல தடவை பங்கும் கொடுத்தது. 2014இல் அதே குழு, பிறந்ததிலிருந்தே வேறு நிற எலிகளோடு வளர்ந்த வெள்ளை எலிகளைச் சோதித்தது. அவை தாம் வளர்ந்த கூட்டத்து நிறமுள்ள அந்நிய எலிகளை விடுவித்தன; தம்மைப் போன்ற வெள்ளை எலிகளை விடுவிக்கவில்லை. இரக்கம் ரத்தத்தில் வருவதைவிடப் பழக்கத்தில்தான் அதிகம் வருகிறதுபோலும்.

கடைசியாக, ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பதே மருந்தாகுமா என்று பார்த்த ஜிம்பாப்வே. தலைநகர் ஹராரேயில் மனநல மருத்துவர் டிக்சன் சிபாண்டாவிடம் வந்துகொண்டிருந்த ஓர் இளம்பெண், மருத்துவமனைக்குப் பஸ்ஸில் வரக் காசில்லாத நிலையில் தற்கொலை செய்துகொண்டார். நாடு முழுக்க அப்போது மனநல மருத்துவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்ற நிலை. உதவியை மக்கள் இருக்கும் இடத்துக்கே கொண்டுபோக நினைத்த சிபாண்டாவுக்கு 2006இல் வேலைக்குக் கிடைத்தவர்கள், ஏற்கெனவே சுகாதாரத் தொண்டர்களாக இருந்த 14 பாட்டிமார் மட்டுமே. கிளினிக்கில் அறைகூட இல்லை, வாசலில் ஒரு பெஞ்சு. ‘மனநல பெஞ்சு’ என்று பெயர் வைத்தபோது யாரும் உட்காரவில்லை. பாட்டிகள் சொல்லி ‘நட்பு பெஞ்சு’ என்று மாற்றினார்கள். வந்தவரின் பிரச்சினைகளைக் கேட்டு, அவற்றில் ஒன்றை அவரையே தேர்ந்தெடுக்கச் சொல்லி, வழியை அவரையே கண்டுபிடிக்க வைப்பது முறை. ஆறு அமர்வுகள். 573 பேரிடம் நடத்திய சோதனையின் முடிவு 2016இல் வெளியானது: ஆறு மாதம் கழித்தும் மனச்சோர்வு அறிகுறி உள்ளவர்கள், வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் ஏறத்தாழ 50 சதவீதம், பெஞ்சுக்கு வந்தவர்களில் 14 சதவீதம். அமர்வுகள் முடிந்தவர்கள் கலைந்து போவதில்லை. குழுவாகச் சேர்ந்து, வீசப்பட்ட பிளாஸ்டிக்கைக் கிழித்துப் பை பின்னுகிறார்கள். அது விற்றுக் கொஞ்சம் காசும் வருகிறது; பின்னும்போது பேச்சும் நடக்கிறது.