கறுப்பு நத்தையும் வெள்ளை நத்தையும்

நம்பிக்கை: நிறம் வேறென்றால் இனமும் வேறு.

உண்மை: இந்தியப் பெருங்கடலின் அடியில் சுமார் இரண்டரை கிலோமீட்டர் ஆழத்தில், வெந்நீர் ஊற்றுகளை ஒட்டி வாழ்கிறது செதில்கால் நத்தை. 2001-இல் கைரேய் ஊற்றுக் களத்தில் முதலில் அகப்பட்டபோது அதன் காலை மூடியிருந்தவை இரும்பு சல்பைடு படிந்த கறுப்புச் செதில்கள். பிறகு சாலிடேர் களத்தில் கிடைத்தவையோ வெளுத்துப்போயிருந்தன. மரபணுவைப் பார்த்தால் இரண்டும் ஒரே இனம். தமக்குள் கலக்கவும் செய்கின்றன. சாலிடேர் ஊற்று நீரில் இரும்பு குறைவு, அவ்வளவுதான். வேடிக்கை என்னவென்றால், கைரேயிலிருந்து தென்மேற்கே 2,000 கி.மீ.க்கும் அப்பால் உள்ள லாங்ச்சி களத்து நத்தைகள் கைரேய் நத்தைகளைப் போலவே கறுப்பு. மரபணுவில் விலகி நிற்பவை அவைதான்.

இதற்கு நேர்மாறான கதையும் உண்டு. அல்வினிகான்கா என்ற ஊற்று நத்தைப் பேரினத்தில் 1988-இல் ஓர் இனத்துக்குத்தான் பெயரிட்டார்கள். டிஎன்ஏ தந்த சான்றைக் கொண்டு 2014-இல் மேலும் ஐந்து இனங்களைப் பிரித்தார்கள். ஓட்டை மட்டும் வைத்து இவற்றை நம்பிப் பிரிக்க முடியாது. அவற்றில் ஒன்றுக்கு பங்க் பாடகர் ஜோ ஸ்ட்ரம்மரின் பெயர். ஓடு முழுக்க முள்முள்ளாக நிற்கும் நத்தைக்குப் பொருத்தம்தான்!

நம்பிக்கை: ஒரு மரபணுவைப் படித்தால் போதும்.

உண்மை: இனம் பிரிக்கப் பெரும்பாலும் போதும். ஆனால் அதற்கு வழக்கமாக எடுக்கும் சிஓஐ மரபணு மைட்டோகாண்ட்ரியாவில் இருப்பதால் தாய்வழிக் கதையை மட்டுமே சொல்லும். பக்கத்துப் பக்கத்து ஊற்றுகளை ஒப்பிட மைக்ரோசாட்டிலைட்டுகள் தேவை. டிஎன்ஏவில் 'சிஏசிஏசிஏ' என்பதுபோலச் சில எழுத்துகளே திரும்பத் திரும்ப வரும் இடங்கள் இவை. நகலெடுக்கும்போது எண்ணிக்கை அடிக்கடி பிசகுவதால் ஒரே இனத்துக்குள்ளும் வேறுபாடு தெரியும்.

நம்பிக்கை: ஓர் ஊற்றைத் தோண்டியெடுத்தாலும் பக்கத்து ஊற்றிலிருந்து நத்தைகள் வந்து நிரப்பிவிடும்.

உண்மை: கடலடிச் சுரங்கத்தை ஆதரிப்பவர்கள் விரும்பிச் சொல்வது இது. பப்புவா நியூ கினியின் மானுஸ் படுகையில் நாட்டிலஸ் மினரல்ஸ் என்ற நிறுவனம் சுரங்கம் தோண்டத் திட்டமிட்ட காலத்தில், அங்குள்ள இஃப்ரெமெரியா நத்தையை மைக்ரோசாட்டிலைட்டுகளாலும் ஆராய்ந்தார்கள். 2011-இல் வெளியான முடிவின்படி, படுகைக்குள் எல்லாம் ஒரே கலவை. வடக்கு ஃபிஜி, லாவ் படுகைகளின் நத்தைகளோ தனிக்கூட்டம். ஆக, மானுஸ் அழிந்தால் அந்த மரபு வேறெங்கும் இல்லை.

படுகைக்குள்ளும் ஒரு சிக்கல் உண்டு. தலைமுறைக்கு ஓரிரு நத்தைகள் இடம் மாறி இனப்பெருக்கம் செய்தாலே இரு கூட்டங்களின் மரபணுக்கள் பெரிதாக விலகாமல் இருக்கும். வெறுமையான ஓர் ஊற்றை நிரப்ப அந்த ஓரிரு நத்தைகள் எந்த மூலைக்கு?